செவ்வாய்க்கிழமை மட்டும் வேலை செய்த பிரிண்டர்

எங்கள் மாதர் சங்கத்தின் ஆண்டு விழாவில் மேடையேறிப் பேசச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். பத்துப் பேருக்கு முன்னால் என் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "அப்ப எழுதித் தாங்கோவன், விழா மலரிலை போடுவம்" என்றார் தலைவி. அதற்குச் சம்மதித்தேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார்கள்.

சங்கத்துக் கடையில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றைத்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற நீங்கள் அந்த வைஃபை பிரிண்டரை எப்படிச் சரிக்கட்டினீர்கள்? ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். சாமி வந்து சொன்னதாகவும் ஒரு கதை இருக்கிறது. சாமி வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடைக்கு நான் போனது கூட்டித் துடைக்கவும் தேத்தண்ணி போடவும். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த காலம். வீட்டுக்குக் கூரை ஏற வேண்டும், வயல் துப்புரவாக வேண்டும், அதுவரைக்கும் ஏதாவது ஒரு வேலை வேண்டும். முரசுமோட்டையில் பிரதான வீதியோரமாகச் சங்கம் ஒரு அறையை எடுத்து, போட்டோக் கொப்பி மெஷினும் ஒரு லப்டொப்பும் வைத்துக் கடை போட்டிருந்தது. கடிதம், விண்ணப்பப் படிவம், பள்ளிக்கூடத்துச் சோதனைத் தாள் எல்லாம் அடித்துக் கொடுப்பார்கள்.

என் அப்பா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து செட்டிகுளத்தில் குடியேறியவர். கல்யாணம் முடித்துத்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன். எங்கள் வீட்டுப் பேச்சு ஒரு மாதிரி, இந்த ஊர்ப் பேச்சு இன்னொரு மாதிரி. வாயைத் திறந்தால் சிரிப்பார்களோ என்று, கடையில் முதல் இரண்டு வருஷம் 'ஓம்', 'இல்லை' இரண்டையும் வைத்துக்கொண்டே சமாளித்தேன்.

கடைக்குப் பொறுப்பு பரமேஸ்வரி ரீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். ஒல்லியான ஆள், குரல் மட்டும் வகுப்பின் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கும். கோபம் வந்தால் கத்தமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைத்து முடியும் வரை ஒருவரும் கதைக்கக்கூடாது. கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "ம், அடுத்தது?" என்பார். அச்சடித்த தாளை ஒருநாளும் இருந்தபடி பார்க்கமாட்டார். எழுந்து போய் யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழே பார்த்துவிட்டுத்தான் ஆளிடம் கொடுப்பார்.

கடை திறக்கிறதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். நான் முதலில் வந்து கூட்டித் தண்ணீர் தெளித்து வைப்பேன். ரீச்சர் எட்டு மணிக்கு வந்து கைப்பையை மேசையில் வைப்பார், சாமிப்படத்துக்கு விளக்கேற்றுவார், பிறகு தன் கையால் மெயின் சுவிட்சைப் போடுவார். அதுவரைக்கும் ஒரு மின்குமிழ்கூட எரியாது. பின்னேரம் பூட்டும்போது அவரே மெயினை இறக்குவார். ஒரு மாரி காலத்து இடியில் எங்கள் முதல் போட்டோக் கொப்பி மெஷின் எரிந்துபோன நாளிலிருந்து அந்தக் கட்டளை. செவ்வாய்க்கிழமை மட்டும் சங்க அலுவலாகக் கிளிநொச்சி அரசாங்க அலுவலகக் கச்சேரிக்குப் போவார். அன்றைக்கு விளக்கும் மெயினும் என் பொறுப்பு.

ரீச்சரிடம் நான் படித்த முதல் பாடத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு நாள் போட்டோக் கொப்பி எடுத்த தாளெல்லாம் கறுப்புக் கோட்டோடு வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ரீச்சர், மெஷின் பிழை."

"மெஷினிலை பழி போடாதை, மருதாயி. அது என்ன செய்தது எண்டு சொல்லு."

"கோடு போடுது."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"எல்லாத் தாளிலையுமோ? ஒரே இடத்திலையோ?"

நான் பார்த்திருக்கவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தேன். எல்லாத் தாளிலும், ஒரே இடத்தில். மூலத்தாளைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். கோடு இடம் மாறவில்லை. அப்படியென்றால் குற்றம் தாளில் இல்லை. தாள் உருண்டு போகிற ஒடுங்கிய கண்ணாடியைக் குனிந்து பார்த்தேன். பிழையை அழிக்கப் பூசுகிற வெள்ளை மை கடுகளவு காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினேன், கோடு போய்விட்டது. ரீச்சர் மேசை லாச்சியிலிருந்து ஒரு நாற்பது தாள் கொப்பியை எடுத்துத் தந்தார். "இனி இதிலை எழுது. என்ன நாள், என்ன செய்தது. காரணம் எழுதாதை. காரணம் பிறகு தானா வரும்." அப்படி நான் எழுதி முடித்த கொப்பிகள் பதினொன்று இன்னும் வீட்டில் இருக்கின்றன.

கொம்பியூட்டருக்கு முன்னால் நான் இருந்த கதை சிறியது. எங்கள் லப்டொப்பைத் தந்த உதவி நிறுவனத்துப் பிள்ளை ஒருத்தி, அதில் லினக்ஸ் என்ற ஒன்றைப் போட்டுவிட்டிருந்தாள். ஊரெல்லாம் பாவிக்கிற விண்டோஸ் அல்ல. அது இலவசம், அதோடு திரையில் எல்லாமே தமிழ். தட்டச்சுச் செய்த பிள்ளை கல்யாணம் முடித்து வவுனியாவுக்குப் போன கிழமை, ஒருவர் கடிதத்துக்கு அவசரப்பட்டு நின்றார். கடிதம் திரையில் இருக்கிறது, வெளியே எடுக்கத்தான் ஆள் இல்லை. நான் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, 'அச்சிடு' என்று இருந்ததை அமத்தினேன்.

"உனக்கு உது தெரியுமோ?" என்றார் ரீச்சர்.

"தமிழ்தானே ரீச்சர்" என்றேன்.

அடுத்த நாள் அந்தக் கதிரை எனக்கு. மூன்று மாதம் ஒரு விரல், பிறகு இரண்டு கை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் புலமைப்பரிசில் மாதிரித் தாள்கள் எல்லாம் நான்தான் அடித்தேன். நான் எழுதாத சோதனை அது.

இனி பிரிண்டர். வயர் பூட்டிய பழைய பிரிண்டர் தாளை இழுக்க முடியாமல் ஓய்ந்துவிட, சங்கம் புதிதாக ஒன்று வாங்கியது. மை ஊற்றுகிற வகை, வயர் தேவையில்லை, வைஃபையில் வேலை செய்யும். பூட்டிக் கொடுக்க நிரோஷன் என்ற தம்பி மோட்டார்சைக்கிளில் வந்தார். கிளிநொச்சி டவுனில் கொம்பியூட்டர் திருத்துகிறவர். செவ்வாய்க்கிழமைகளில் இந்த வீதியில் உள்ள பள்ளிக்கூடங்களுக்கு வருவார், வருகிற வழியில் எங்களிடமும் ஏறுவார். கெட்டிக்காரர், ஆனால் பொறுமை குறைவு.

பெட்டியோடு வந்த சீடித் தட்டை லப்டொப்பில் போட்டுப் பார்த்தார். லினக்ஸ் அதை ஏற்கவில்லை.

"அன்ரி, இந்த லினக்ஸை வைச்சுக்கொண்டு நான் என்னத்தைச் செய்ய? உலகத்திலை ஒருத்தரும் பாவிக்காததை நீங்கள் மட்டும் பாவிக்கிறியள்."

"தமிழிலை இருக்கு, தம்பி."

"தமிழிலை இருந்தாப் போல பிரிண்டருக்கு விளங்குமே?"

இருந்தாலும் விடவில்லை. பிரிண்டரின் வைஃபைப் பொத்தானை நீல வெளிச்சம் மினுங்கும் வரை அமத்திப் பிடித்தார். சுவரிலிருந்து வைஃபை தருகிற ரவுட்டர் பெட்டியின் பொத்தானையும் அமத்தினார். மினுக்கம் நின்று வெளிச்சம் நிலைத்தது. பிறகு பிரிண்டரில் இன்னொரு பொத்தானைத் தட்ட, ஒரு தாள் வந்தது. அதில் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு துண்டாக ஒரு நீள இலக்கம். "இதுதான் பிரிண்டரின்ரை விலாசம்" என்றார். லப்டொப்பில் 'அச்சுப்பொறியைச் சேர்' என்ற இடத்துக்குப் போனார். அது தேடித்தேடிக் கிடைக்காமல் நிற்க, அந்த விலாசத்தைக் கையால் அடித்துக் கொடுத்தார். பிரிண்டர் உறுமியது, தாள் வந்தது. நான் கைதட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் கடையில் கைதட்டியது அந்த ஒருமுறைதான்.

புதன்கிழமை காலை அது வேலை செய்யவில்லை. திரையில் 'அச்சுப்பொறி பதிலளிக்கவில்லை' என்று நின்றது. வியாழன், வெள்ளி, சனியும் அப்படித்தான். நீல வெளிச்சம் எரிகிறது, மை இருக்கிறது, தாள் இருக்கிறது. படிவம் அடிக்க வந்தவர்களைப் பரந்தனிலுள்ள கடைகளுக்கு அனுப்பினோம். திங்களும் இல்லை. செவ்வாய் காலை நான் விளக்கேற்றி, மெயினைப் போட்டு, லப்டொப்பைத் திறந்து, பிரிண்டரையும் போட்டேன். யாரும் ஒன்றும் அமத்தாமலே அது உறுமத் தொடங்கியது. புதன்கிழமையிலிருந்து அடைபட்டுக் கிடந்த கடிதங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே விழுந்தன. ஒருவருடைய லீவுக் கடிதம் மட்டும் ஏழு பிரதி. பொறுமையில்லாமல் ஏழு முறை நான் அமத்தியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து நிரோஷன் வந்து இறங்கினார்.

"என்ன அன்ரி, வேலை செய்யேல்லை எண்டு ரீச்சர் ஃபோன் எடுத்தவா. இது பேப்பரைக் கக்கிக்கொண்டெல்லோ கிடக்கு?"

"நேற்று செய்யேல்லை, தம்பி."

"நேற்று நீங்கள் ஒழுங்கா அமத்தியிருக்க மாட்டியள்."

புதன்கிழமை மறுபடியும் நின்றது. அடுத்த செவ்வாய் மறுபடியும் ஓடியது. நான் கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தேன். நிரோஷன் காட்டித் தந்த பொத்தானைத் தட்டி, தினமும் காலையில் அந்த விலாசத் தாளை எடுத்துக் கொப்பியில் ஒட்டினேன். அந்தத் தாளில் மற்றதெல்லாம் ஆங்கிலம், எனக்கு வாசிக்கத் தெரியாது. இலக்கம் தெரியும்.

மூன்றாம் கிழமை சனிக்கிழமை, பூட்டுகிற நேரம் ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி கையில் இருந்தது.

"மருதாயி, இனி என்னாலை ஏலாது. மாதிரித் தாள் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகவேணும். திங்கள் தலைவியும் வாறா, நிரோஷனையும் வரச் சொல்லியிருக்கு. லினக்ஸை அழிச்சுப் போட்டு விண்டோஸ் போடுவம்."

"அது தமிழிலை வருமா ரீச்சர்?"

"அவனிட்டை இருக்கிறது இங்கிலிசிலை தானாம். கொம்பியூட்டர் கோர்ஸ் செய்த பிள்ளை ஒண்டைப் பாப்பம் எண்டு தலைவி சொல்லுறா. நீ யோசியாதை. உன்னை விடமாட்டன். தேத்தண்ணி வேலை கிடக்குத்தானே."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிற வழியெல்லாம் அந்தக் கதிரைதான் கண்ணுக்குள் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டு முற்றத்து வேம்பின் கீழ் பாயைப் போட்டுக் கொப்பியை விரித்தேன். காரணத்தைத் தேடவில்லை. அது என்ன செய்தது என்று மட்டும் பார்த்தேன். விலாசத்தின் முதல் மூன்று துண்டும் எந்த நாளிலும் மாறவில்லை. கடைசித் துண்டு மட்டும், வேலை செய்த செவ்வாய்க்கிழமைகளில் நூற்றியொன்று. வேலை செய்யாத நாள் எல்லாவற்றிலும் நூற்றியிரண்டு.

நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். காலையில் முதலில் வந்தவருக்கு இலக்கம் எழுதிய முதல் துண்டு. இரண்டாவது வந்தவருக்கு இரண்டாவது. நேற்றைய துண்டு இன்றைக்குச் செல்லாது. எங்கள் ரவுட்டர் பெட்டியும் நூறிலிருந்து அப்படித்தான் கொடுக்கிறது. ஒவ்வொரு பின்னேரமும் மெயினை இறக்கும்போது நேற்றைய வரிசையை மறந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை லப்டொப்புக்கு நூறு, பிரிண்டருக்கு நூற்றியொன்று. லப்டொப்பில் நிரோஷன் எழுதிவைத்ததும் நூற்றியொன்று. அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். மற்ற நாட்களில் யாரோ ஒருவர் வரிசையில் எங்களுக்கு முன்னால் போய் நிற்கிறார். பிரிண்டர் ஒரு இடம் பின்னால் போகிறது. லப்டொப் பழைய இடத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.

யார் அந்த ஆள்? என்னிடம் இருந்தது பொத்தான் ஃபோன். அதற்கு வைஃபை தெரியாது. கடையில் வேறு மெஷினும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காலை எட்டு மணியை நினைத்துப் பார்த்தேன். ரீச்சர் வருகிறார். கைப்பை மேசையில். விளக்கு. மெயின். அதற்குப் பிறகு, நான் லப்டொப்பைத் திறக்க முன்னமே, 'டிங், டிங்' என்று ஒரு சத்தம். கனடாவிலிருக்கிற ரீச்சரின் மகள் அனுப்பிய செய்திகள் வைஃபையில் வந்து விழுகிற சத்தம். கைப்பைக்குள் இருந்து.

எனக்குக் கண்டுபிடித்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். இதை ரீச்சரிடம் எப்படிச் சொல்வது? அதுவும் தலைவிக்கு முன்னால்?

திங்கள் காலை முறைப்படி எல்லாம் நடந்தது. விளக்கு, மெயின், 'டிங், டிங்'. நான் லப்டொப்பையும் பிரிண்டரையும் போட்டேன். பதிலளிக்கவில்லை. ஒன்பது மணிக்குத் தலைவி வந்தார், பின்னாலேயே நிரோஷன். என்னைத் தேத்தண்ணி போடச் சொன்னார்கள். நான் தட்டத்தோடு திரும்பி வரும்போது நிரோஷன் என் கதிரையில் இருந்தார்.

"பாத்தியளோ, இண்டைக்கும் இல்லை. ஒரு மணித்தியாலத்திலை எல்லாத்தையும் துடைச்சுப் புதுசாப் போட்டுத் தாறன்" என்று சொல்லிக்கொண்டு, கழுத்தில் மாலை மாதிரித் தொங்கிய பென் டிரைவைக் கழற்றினார்.

நான் தட்டத்தை மேசையில் வைத்தேன். வாயைத் திறந்தபோது ஊர்ப் பேச்சு வரவில்லை. வீட்டுப் பேச்சுத்தான் வந்தது.

"ரீச்சர், ஒங்க போன கொஞ்சம் அணைச்சிருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்ர ஃபோனையோ? ஏன்?"

"அதுதான் பிரிண்டரோட எடத்த புடிச்சிருது. நீங்க வராத செவ்வாக்கெழம மட்டும் வேல செய்யுது. எழுதி வச்சிருக்கேன், பாருங்க."

கொப்பியை நீட்டினேன். ரீச்சர் வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவு நேரம் அவர் துடைத்து நான் பார்த்ததில்லை. தலைவி கோப்பையைக் கையில் எடுத்துவிட்டுக் குடிக்காமல் இருந்தார். பிறகு ரீச்சர் கண்ணாடியைப் போட்டார், கொப்பியை வாங்கினார், எழுந்து யன்னலடிக்குப் போனார். ஒட்டிய தாள்களை ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழே பார்த்தார். நூற்றியொன்று. நூற்றியிரண்டு. நூற்றியிரண்டு. கடைசித் தாள் முடிந்ததும் கைப்பையைத் திறந்து, ஃபோனை அணைத்து, மேசையில் எல்லோரும் பார்க்க வைத்தார்.

"ம், அடுத்தது?" என்றார்.

"மெயின எறக்கிட்டுத் திரும்பப் போடணும்."

"நீயே போடு."

நான் மெயினை இறக்கினேன். மின்விசிறி ஓய்ந்து நிற்கும்வரை பொறுத்தேன். திரும்பப் போட்டேன். ரவுட்டரின் வெளிச்சங்கள் வந்தன. நிரோஷனை எழும்பச் சொல்லாமலே பக்கத்தில் நின்றேன். அவர் தானாக எழும்பினார். லப்டொப், பிறகு பிரிண்டர். நீல வெளிச்சம் மினுங்கி நிலைத்தது. நான் எதையும் அமத்தவில்லை. பிரிண்டர் உறுமியது. மாதிரித் தாளின் முதலாம் பக்கம் மெல்ல வெளியே வந்தது.

நிரோஷன் விலாசத் தாளை எடுத்துப் பார்த்தார். நூற்றியொன்று. "சீ" என்று தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். "இலக்கம் நாளுக்கு நாள் மாறுது. நான் முதல் நாளே நிரந்தர இலக்கம் குடுத்திருக்கவேணும், அன்ரி. லினக்ஸிலை ஒரு பிழையும் இல்லை." அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை. அந்த நாளிலிருந்து எனக்கு அவர்மேல் நல்ல மரியாதை.

பிரிண்டரின் சின்னத் திரையில் எங்கெங்கோ போய், "என்ன இலக்கம் குடுப்பம்?" என்று என்னைக் கேட்டார்.

"வரிசைல யாரும் வந்து நிக்காத எடமா குடுங்க."

நூற்றியைம்பது கொடுத்தார். லப்டொப்பிலும் அதையே எழுதினார். பென் டிரைவ் மறுபடி அவர் கழுத்துக்குப் போனது. ரீச்சர் ஃபோனைப் போட்டார். அது 'டிங், டிங்' என்றது. பிரிண்டர் கவனிக்காமல் இரண்டாம் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப மூண்டு கிழமையா இந்தக் கடைக்குப் பிடிச்ச சனியன் நான்தான்" என்றார் ரீச்சர். தலைவிக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது.

மாதிரித் தாள் வியாழக்கிழமையே பள்ளிக்கூடத்துக்குப் போனது. கோர்ஸ் செய்த பிள்ளையைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. நானும் கடையில் அதற்குப் பிறகு என் வீட்டுப் பேச்சிலேயே பேசினேன்.

ஆனால் ரீச்சரின் முறை மாறிவிட்டது. புதன்கிழமையிலிருந்து காலையில் வந்து வாசற்படிக்கு வெளியே, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பார். விளக்கேற்றுவதும் மெயினைப் போடுவதும் இனி நான்தான். "இப்ப அதுக்கு நிரந்தர எலக்கம் இருக்கு ரீச்சர், நீங்க வரலாம்" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். கேட்கமாட்டார். போன வருஷம் நான் ஓய்வுபெற்ற நாளிலும் அப்படித்தான் நின்றார். வீதியில் போகிற பஸ்ஸின் தூசி முழுக்க அவர் சேலையில்.

"மருதாயி, உன்ர மெஷின் எழும்பிட்டுதோ? நான் உள்ளுக்கு வரலாமோ?"

நான் மெயினைப் போட்டேன். லப்டொப்பைத் திறந்தேன். நீல வெளிச்சம் நிலைக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாங்க ரீச்சர்" என்றேன்.